ஊஞ்சலடி மணல்: திகனயில் பிள்ளைகள் விளையாடிய இடங்கள்

எமது பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, அவர்கள் பாடசாலையின் வரலாற்றையே எதிர்பார்த்திருப்பார்கள். அதிபர்கள், கட்டடங்கள், பரிசளிப்பு விழாக்கள், வலைப்பந்து வெற்றிகள் ஆகியவற்றை எம்மிலும் நன்கறிந்த மூத்த சகோதரிகள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் எழுத விரும்பியது திகன மைதானத்தின் ஓரத்தில், கம்பி வேலிக்குள் இருக்கும் சிறுவர் பூங்காவைப் பற்றி. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஒரு சீசோ, ஏறி விளையாட ஓர் இரும்புக் கூண்டு, பெரியவர்கள் இருக்க ஒரு சீமெந்து வாங்கு. அவ்வளவுதான். “இதற்கெல்லாமா வரலாறு?” என்று குழுவில் ஒருவர் சிரித்தார். அவருக்கு அன்று பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறோம்.

நாங்கள் என்பது ஐந்து பேர். 1990களில் திகனயிலிருந்து விடிந்தும் விடியாமலும் புறப்படும் பஸ்ஸில் ஏறி, பல்லேகல, குண்டசாலை, தென்னக்கும்புர எனத் தூங்கி விழித்துக் கண்டிக்கு வந்து, மணி அடிக்கும் நேரத்துக்கு மூச்சிரைக்க வாயிலைத் தாண்டியவர்கள். எம்மில் ஒருவர் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர், இருவர் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள், ஒருவர் தபால் ஊழியரின் மகள், ஒருவர் கடைக்காரரின் மகள். இன்று இருவர் ஆசிரியைகள், ஒருவர் வங்கியில், ஒருவர் வீட்டையும் மாமியாரையும் பார்த்துக்கொள்கிறார், ஒருவர் வைத்தியர். பேனாவைப் பிடித்தது வைத்தியர் என்பதால் இடையிடையே முழங்கை எலும்பு வரும். சகோதரிகள் பொறுத்துக்கொள்ளவும்.

சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போவது எமது வழக்கமாகி ஏறக்குறைய பத்து ஆண்டுகள். பிள்ளைகள் விளையாட, நாங்கள் வாங்கில் இருந்து பேசிய பேச்சிலிருந்து திரண்டதே இக்கட்டுரை.

ஊஞ்சலில் இருந்து தொடங்குவோம். இரும்புச் சங்கிலியும் ரப்பர் இருக்கையும் வருவதற்கு வெகு முன்பே இந்த ஊரில் ஊஞ்சல் இருந்தது. சித்திரை வந்தால் பலாமரத்திலோ மாமரத்திலோ கயிறு கட்டுவது சிங்கள வீடுகளிலும் தமிழ் வீடுகளிலும் ஒன்றுபோல நடந்த காரியம். சிங்களத்தில் அதற்கு ஒஞ்சில்லாவ என்று பெயர். ஊஞ்சல் என்ற எமது சொல்லே உருமாறி அங்கே போயிருக்கிறது என்பதைக் காதால் கேட்டாலே தெரியும். அந்த ஊஞ்சல் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அடுப்படியை விட்டு வெளியே வர ஒரு காரணம் கிடைக்காத பெண்களும் அந்த நாட்களில் மட்டும் ஊஞ்சலில் ஏறினார்கள், பாடினார்கள். புத்தாண்டு முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். மற்றப்படி பிள்ளைகள் விளையாடுவதற்கென்று தனியாக ஓர் இடத்தை ஒதுக்கும் எண்ணம் எமது முன்னோருக்கு வந்ததில்லை. முற்றமும் ஒழுங்கையும் வயல் வரம்பும் போதுமாயிருந்தன.

முற்றமே இல்லாதவர்களுக்கு? தும்பறைப் பள்ளத்தாக்கு 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டமாகிப் பின்பு கொக்கோவும் தேயிலையும் கண்ட நிலம். அங்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பராவும் அதன் முன்னால் ஒரு திண்ணையும். தாய் பெரட்டுக்குப் போகும்போது கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். எம்மில் ஒருவரின் அம்மாயி அப்படியொரு பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவர். கூரை வளையில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போய் முடிவதற்குள் முதலாவது நின்றுவிடும் என்று சொல்வாராம். நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குத் திண்ணை, ஓடத் தெரிந்தவர்களுக்கு லயத்து வாசல். பாண்டி, கில்லி, அஞ்சாங்கல், கொஞ்சம் வளர்ந்தால் எல்லே. பெண்பிள்ளை பத்து வயதைத் தொட்டால் தம்பி தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாண்டி ஆடப் பழகிக்கொள்வாள். விளையாட்டும் வேலையும் ஒரே உடம்பில் நடந்தன.

அந்த அம்மாயிக்கு நாடற்றவர் என்ற பெயரும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1964 இல் இரு பிரதமர்களும் கையெழுத்திட்டபோது யார் இந்தியா போவது, யார் இங்கே இருப்பது என்று தலைகள் எண்ணப்பட்டன. அம்மாயியின் தொட்டில்களில் ஆடிய பிள்ளைகள் சிலர் கப்பலேறி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று எமது பிள்ளைகளோடு சறுக்கில் வரிசை பிடிக்கிறார்கள்.

இனி அணை. திகனயின் வரலாற்றை அணைக்கு முன், அணைக்குப் பின் என்றுதான் எமது பெற்றோர் பிரித்துச் சொல்வார்கள். மகாவலியை மறித்து விக்டோரியா அணை கட்டும் வேலை 1978 இல் தொடங்கியது. 122 மீற்றர் உயரம், 520 மீற்றர் நீளம், வில்போல் இரு புறமும் வளைந்த கொங்கிரீட் சுவர், 210 மெகாவொற் மின்சாரம். பிரித்தானியாவின் நிதியுதவியில் எழுந்த அதை 1985 ஏப்ரலில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தட்சரும் திறந்துவைத்தார்கள். எமது பாடப்புத்தகத்தில் இந்த இலக்கங்கள் எல்லாம் இருந்தன. நீருக்கு அடியில் போனவற்றின் பட்டியல் இருக்கவில்லை. பழைய தெல்தெனிய நகரம் முழுதாகப் போனது. கடைத்தெரு, வழிபாட்டிடங்கள், வயல்கள், பாடசாலைகள், பிள்ளைகள் பந்தடித்த வெளிகள். கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய நகரத்தின் இடிபாடுகள் தலைகாட்டும். அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். அப்படி ஒரு வறட்சியில் எமது தோழி ஒருவரின் வாப்பா வெடித்துக் கிடந்த சேற்றின் மேல் நின்று, தன் பேரனிடம், “இங்கதான் நான் பந்து அடிச்சன்” என்று காட்டினார். பேரன் அந்த இடத்தில் ஓடிப்போய் ஒரு உதை உதைத்துவிட்டு வந்தான். அடுத்த மழையோடு அது மீண்டும் நீருக்குள் போய்விட்டது.

அணை கட்ட வந்த பிரித்தானியப் பொறியியலாளர்களின் குடும்பங்களுக்காகத் திகனயில் ஒரு குடியிருப்பு எழுந்தது. எமது அண்ணாமாரும் அக்காமாரும் முதன்முதலில் இரும்பு ஊஞ்சலைப் பார்த்தது அங்குதான், வேலிக்கு வெளியில் நின்று. மஞ்சள் முடிப் பிள்ளை ஒன்று வேலியருகே வந்து தன் பந்தை வெளியே எறியுமாம், இவர்கள் திருப்பி எறிவார்களாம், பிறகு அது எறியுமாம். ஒரு மாதம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் அந்த ஆட்டம் நடந்ததாக அக்கா ஒருவர் இன்றும் சொல்வார். எம்மைப் பொறுத்தவரை திகனயின் முதலாவது சிறுவர் பூங்கா அந்த வேலிதான்.

ஏறி ஆடக் கிடைத்த முதல் ஊஞ்சல் கண்டியில். சம்பளம் கிடைத்த மாதத்தில், குளக்கரைக்கு அருகில் உள்ள ஜோர்ஜ் ஈ. த சில்வா பூங்காவுக்கு எமது அப்பாமார் கூட்டிப்போவார்கள். கச்சான் சரை ஒன்று, ஐஸ் பழம் ஒன்று, ஊஞ்சலில் பத்துத் தடவை. சிறு வயதில் அந்தப் பெயரைப் பூங்காவின் பெயராக மட்டுமே அறிந்திருந்தோம். ஜோர்ஜ் ஈ. த சில்வா கண்டியின் சட்டத்தரணி, அரசியல்வாதி, அரசாங்க சபைக் காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்தவர் என்பதெல்லாம் பின்பு படித்தவை. அவருடைய மனைவி அக்னஸ் த சில்வாவைப் பற்றிப் படித்தது அதற்கும் பின்பு. எமது பாடசாலையின் எந்தப் பாடத்திலும் அவர் வரவில்லை, அந்தக் குறையை இந்த மலரிலாவது தீர்ப்போம்.

பறங்கியர் சமூகத்தில் பிறந்த அக்னஸ், 1927 இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். எமது சங்கம் தோன்றிய அதே தசாப்தம் அது. டொனமூர் ஆணைக்குழு முன்னிலையில் பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று அவரும் தோழியரும் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா கேட்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் கேட்கிறோம் என்ற பொருளில் அக்னஸ் தயங்காமல் பதில் சொன்னார். படித்த, வசதியான பெண்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் அன்றைய பெரியவர்களுக்குச் சங்கடம் குறைந்திருக்கும். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத்துப் பெண்களுக்கு அதில் கிடைத்தது 1949 இல் போனதை மேலே சொன்னோம். பூங்கா கணவரின் பெயரில் இருக்கிறது. அக்னஸின் பெயரில் அங்கு ஒரு வாங்காவது இருக்கலாம் என்பது எமது ஐவரின் ஏகமனதான தீர்மானம்.

பூங்காக்களின் வரலாற்றைத் தேடத் தொடங்கியபோது எமக்கு முன்னால் வந்து நின்றவர்களில் பலர் பெண்கள், அவர்களில் சிலர் வைத்தியர்கள் என்பது எழுதுபவருக்குக் கூடுதல் மகிழ்ச்சி. மேரி சக்ஷெவ்ஸ்கா பேர்லினில் 1829 இல் பிறந்து, மருத்துவச்சியாகப் பயின்று, அமெரிக்கா சென்று வைத்தியரானவர். 1862 இல் பொஸ்டனில் பெண்களுக்கும் சிறுவருக்குமென வைத்தியசாலை ஒன்றை நிறுவியவர். 1885ஆம் ஆண்டுக் கோடையில் பேர்லினுக்குப் போயிருந்தபோது, பொதுப் பூங்காக்களில் மணலைக் குவித்து வைத்திருப்பதையும், ஏழை பணக்காரர் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் அதில் தோண்டி விளையாடுவதையும் கண்டார். உடனே பொஸ்டனில் உள்ள சுகாதாரச் சங்கம் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் பலனாக, புலம்பெயர்ந்தோர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் தேவாலய முற்றமொன்றில் மணல் கொட்டப்பட்டது. அமெரிக்காவின் விளையாட்டுப் பூங்கா இயக்கம் அந்த மணற்குவியலில் இருந்தே தொடங்கியதாக எழுதுகிறார்கள். ஊஞ்சலும் சறுக்கும் பிறகு வந்தவை. முதலில் வந்தது மணல்.

மரியா மொண்டிசோரியும் ஒரு வைத்தியரே. 1896 இல் ரோமில் பட்டம் பெற்று, 1907 இல் அந்நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தார். 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப்போர் மூண்டதனால் திரும்பிப் போக வழியின்றி ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கவேண்டியதாயிற்று. 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்தார். இன்று திகனச் சந்தியில் நின்று “மொண்டிசோரி எங்கே?” என்று கேட்டால் ஓட்டோக்காரர் எந்த மொண்டிசோரி என்று திருப்பிக் கேட்பார். ஒரு மனுஷியின் பெயர் ஒரு நாட்டில் பொதுச்சொல்லாகிப் போவது சின்னக் காரியமல்ல. கனடாவிலிருந்து 1896 இல் வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இலங்கைப் பெண்களின் சங்கங்கள் பலவற்றுக்கு வித்திட்ட வைத்தியர் மேரி இரத்தினத்தையும் இங்கே நினைக்கவேண்டும். சாரணியராக இருந்த சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி: இலங்கையில் பெண் சாரணியம் 1917 இல் தொடங்கியது கண்டியில்தான்.

நாம் படித்த காலத்தில் திகனயில் பிள்ளைகளுக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. மைதானம் இருந்தது, அது அண்ணாமாரின் கிரிக்கெட்டுக்கு. பல்லேகலவில் சர்வதேச மைதானம் 2009 இல் திறக்கப்பட்டபோதும், மறு ஆண்டு டிசம்பரில் அங்கு முதலாவது டெஸ்ட் போட்டி நடந்தபோதும் ஊரே துள்ளியது. கண்டிப் பிள்ளையான முரளிதரன் 800 விக்கெட் எடுத்து ஓய்வுபெற்ற ஆண்டு அது. எமது வீட்டு ஆண்கள் மரத்தில் ஏறாத குறை. நாங்கள் கேட்டது, “நல்லது, நாலு வயசுப் பிள்ளை எங்கே விளையாடுறது?” என்பதே. சிறிது காலம் கழித்து மைதானத்து மூலையில் அந்த இரண்டு ஊஞ்சல்கள் வந்தன. யார் யாரோ தாங்கள்தான் கொண்டுவந்தோம் என்று சொன்னார்கள். எல்லாருக்கும் நன்றி.

2018 மார்ச்சை எழுதாமல் திகனயைப் பற்றி எழுத முடியாது. எழுதவேண்டாம் என்று எம்மில் இருவர் சொன்னார்கள். பிறகு அவர்களே எழுதச் சொன்னார்கள். பெப்ரவரியில் தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் வைத்தியசாலையில் இறந்தார். மார்ச் 5ஆம் திகதி திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. எரிந்த வீடொன்றுக்குள் இளைஞர் ஒருவர் இறந்துபோனார். ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. மறுநாள் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை. முகநூலும் வட்ஸ்அப்பும் நிறுத்தப்பட்டன. இந்த அளவு பத்திரிகையில் வந்தது.

வராதது எங்களைப் பற்றியது. எம்மில் முஸ்லிம் தோழியர் இருவரும் பிள்ளைகளோடு கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, ஒருவர் சிங்கள அயலவரின் பின்னறையிலும் மற்றவர் உறவினர் வீட்டு மேல்மாடியிலும் இருந்தார்கள். மற்ற மூவரும் அந்த இரண்டு நாட்களில் அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கவில்லை. வட்ஸ்அப் இல்லை என்பது சாட்டு. சாதாரண அழைப்பு வேலை செய்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தோம் என்பதும், எமது மூவரில் சிலரின் வீட்டில் ‘எங்களுக்கு 83 இல் யார் வந்தது’ என்ற பேச்சு எழுந்ததும், அந்தப் பேச்சை நாங்கள் வாய் திறந்து மறுக்காமல் இருந்ததும் உண்மை. 12 வருடம் ஒரே பஸ்ஸில் ஒரே சீற்றில் மூவராய் நெருக்கி இருந்து வந்தவர்கள் நாங்கள். மூன்றாம் நாள் அழைத்தபோது மறுமுனையில் தோழி அழவில்லை. “மகள் ஊஞ்சலுக்குப் போகணும் எண்டு கேக்கிறாள், என்ன சொல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

பூங்கா வாரக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. இராணுவத்தினர் சந்தியில் நின்றார்கள். சறுக்கின் மேல் காய்ந்த இலைகள். பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குள் தொலைக்காட்சிக்கு முன்னால். அந்த நாட்களில் படுக்கையை நனைக்கத் தொடங்கிய, இருட்டுக்குப் பயந்து வீரிட்ட, தாயின் உடுப்பை விடாமல் பிடித்துக்கொண்டே திரிந்த பிள்ளைகளைப் பற்றி மூன்று சமூகத்துத் தாய்மாரும் வைத்தியரிடம் கேட்டார்கள். மருந்து எழுதிக் கொடுக்கும்படி கேட்டவர்களும் உண்டு. பயந்த பிள்ளைக்கு அதன் பழைய நேரசூசி திரும்பி வருவதே பெரிய மருந்து: அதே நேரத்தில் சாப்பாடு, அதே நேரத்தில் தூக்கம், அதே நேரத்தில் விளையாட்டு. இதைச் சொல்வது இலகு. அதே நேரத்தில் விளையாட்டு என்றால் அதே இடத்துக்குப் போகவேண்டும்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய ஞாயிறு ஐவரும் சேர்ந்து போனோம். பிள்ளைகள் எட்டுப் பேர். எம்மில் ஒருவருக்குத் தலையில் முக்காடு இருந்தது, அதை வீட்டில் விட்டுவிட்டு வரவா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்றோம். சொல்லும்போது எமக்கும் நெஞ்சு அடித்தது. பூங்காவில் எமக்கு முன்பே ஒரு சிங்கள ஆச்சி தன் பேரனோடு வந்திருந்தார். வாங்கின் ஒரு முனையில் அவர், மறு முனையில் நாங்கள் நெருக்கிக்கொண்டு. அரை மணித்தியாலம் யாரும் பேசவில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை. ஊஞ்சல் இரண்டுதான், பிள்ளைகள் ஒன்பது பேர், சண்டை பிடிக்க வேறு காரணம் தேவைப்படவில்லை. ஆச்சியின் பேரன் வரிசையைத் தாண்டி ஏறியபோது எமது தோழியின் மகள் அவனை இறங்கச் சொல்லி இழுத்தாள். எமக்கு மூச்சு நின்றுவிட்டது. ஆச்சி எழுந்து போனார். பேரனின் காதைப் பிடித்து இறக்கி, மகளைத் தூக்கி ஊஞ்சலில் வைத்துவிட்டு வந்து, மறுபடியும் தன் முனையில் இருந்தார். போகும்போது ஒரு சரை கச்சானை வாங்கில் எமது பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. நல்லது நடந்தது என்று எழுதி முடித்துவிடத்தான் ஆசை, ஆனால் வாங்கின் இரு முனைகளும் நெருங்க இரண்டு ஆண்டு எடுத்தது. இடையில் 2019 ஏப்ரல் 21 வந்தது. எமது தோழியர் மீண்டும் வீட்டுக்குள் போனார்கள். பிறகு கொரோனா எல்லாரையும் வீட்டுக்குள் போட்டது.

2022 இல் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்ற நாட்களில் ஒரு ஊஞ்சலின் சங்கிலி காணாமல் போனது. இரும்பு விலை ஏறிய காலம். எடுத்தவர் வீட்டில் என்ன நிலையோ. மற்ற ஊஞ்சலில் இருந்துதான் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று விழுந்தது. இதோ முழங்கை எலும்பு வருகிறது. கையை ஊன்றி விழும் பிள்ளையின் மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிவது, சிறுவர்களில் முழங்கைப் பகுதியில் மிக அதிகமாகக் காணும் முறிவு. அந்த இடத்தில் இரத்தக் குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டியே போவதால் தாமதித்தால் கையே பாதிக்கப்படலாம். அந்தப் பிள்ளை நேரத்தோடு வந்தது, சத்திரசிகிச்சையில் கம்பி வைத்துச் சரிசெய்தார்கள். குறை ஊஞ்சலில் இல்லை, தரையில். பத்து ஆண்டாகப் பிள்ளைகளின் கால் உரசி உரசி ஊஞ்சலுக்கடி சீமெந்துபோல் இறுகிக் கிடந்தது. அந்த இடத்தில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தளர்ந்த மணல் இருந்தால் அநேகமான விழுகைகள் அழுகையோடு முடிந்துவிடும்.

பொறுப்பான இடத்துக்குக் கடிதம் கொடுத்தோம். ஊஞ்சல் பழுது பார்க்க நிரல் உண்டு, மணலுக்கு நிரல் இல்லை என்று பதில் கிடைத்தது. மகாவலி ஆற்றங்கரையில் இருந்துகொண்டு மணலுக்கு நிரல் இல்லை! இறுதியில் சங்கத்தின் கண்டி, கொழும்பு, லண்டன் சகோதரிகள் சிலர் கொடுத்த பணத்தில் ஒரு லொறி மணலும் ஒரு சோடி சங்கிலியும் வாங்கினோம். மணலைப் பரப்ப வந்தவர்களில் பாதிப்பேர் நாங்கள் கூப்பிடாமலே வந்தவர்கள். சங்கக் கணக்கறிக்கையில் அது ‘ஏனையவை’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

மருத்துவப் பக்கத்தில் இன்னும் ஒன்று. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வழிகாட்டியது. விளையாடுவது பிள்ளையின் உரிமை என்பதை ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 1991 இல் அதை ஏற்றுக்கொண்டது. எமது வாங்கிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஐந்து வயது வரை ஆண், பெண் இரு தரப்பும் இரும்புக் கூண்டின் உச்சிக்கு ஏறுகிறார்கள். எட்டு வயதில் பெண்பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள். பத்து வயதில் அவர்கள் வாங்கில், எம் பக்கத்தில், தம்பியின் செருப்பைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆண்பிள்ளைகள் மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். புலமைப்பரிசில் வகுப்பு இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் வகுப்பு விட்டதும் பந்து அவனுக்கு. யாரும் அவளை இறங்கச் சொன்னதாகத் தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். “பாவாடையோட ஏறாதே” என்று எமது வாயிலிருந்து எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எம்மில் ஒருவரின் பத்து வயது மகள் ஒரு மாலை முழுதும் எண்ணிச் சொன்னாள். ஆறு தடவை. அடுத்த சனிக்கிழமை அவளுக்கு அண்ணனின் காற்சட்டையைப் போட்டுவிட்டோம். கூண்டின் உச்சியில் இருந்துகொண்டு நீர்த்தேக்கம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை.

போன சனிக்கிழமையும் போயிருந்தோம். இப்போது கூட்டிப்போவது எமது கடைக்குட்டிகளை. வாங்கில் இடம் போதாமல் இருவர் மணலில் இருந்தோம். வேலிக்கு அப்பால் பாண்கார ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. ஒரு ஊஞ்சலில் எமது வீட்டுச் சின்னவன், மறு ஊஞ்சலில் ஒரு சிங்களச் சிறுமி. “தள்ளுங்கோ, தள்ளுங்கோ” என்று இவன் கத்த, “தல்லு கரன்ன, தல்லு கரன்ன” என்று அவள் கத்தினாள். சிறுமியின் தாய் கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நின்ற எமது தோழி இடக்கையால் ஒருவரையும் வலக்கையால் ஒருவரையும் தள்ளிவிட்டார்.